கடைசிப் பந்திக்கு வந்த பாஸ்தா

பாஸ்தா குடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் நம்பிக்கை. மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கிச் சுவரொட்டி ஒட்டுவதைப் எங்கள் ஊரான படப்பையில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். எங்கள் சுற்றுச்சுவரில் ஒட்டியதைப் பிறகு சுரண்டினால் காகிதத்தோடு சுண்ணாம்பும் சேர்ந்து பெயரும். வயிற்றுக்குள்ளும் அதுவேதான் நடக்கும் என்று என் நாத்தனார் உறுதியாக இருந்தாள். உணவூட்டவியல் படித்துவிட்டு, ஒரகடத்து ஆலைகளுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பும் சேரப்பணஞ்சேரிச் சமையற்கூடத்தில் நான் சேர்ந்திருந்த காலம் அது.

"இவ்ளோ படிச்சிட்டு, வயசுப் புள்ளைங்க வயித்துல போஸ்டர் ஒட்டினு கீறீங்களே அண்ணி!" என்பாள். என் கணவர் சிரித்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்.

நல்ல பாஸ்தா மைதா அல்ல, நம் சம்பா கோதுமைக்கு நெருங்கிய உறவான ஒரு கடினக் கோதுமையின் ரவையில் செய்வது என்று நான் விளக்குவேன். அந்தக் கோதுமையின் புரதம் ஒரு வலையைப் போல மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் அது மெல்லச் செரிக்கும். குழைய வேகவிட்டால்தான் அந்த வலை தளர்ந்துபோகும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாத்தனார் தன் பிள்ளைகளுக்குச் சேமியா உப்புமா கிண்டப் போவாள். சேமியாவும் அதே குடும்பம்தான் என்று நான் சொன்னதை அவள் இன்றுவரை ஏற்கவில்லை.

இந்தச் சமையற்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஓர் உணவில் என்ன சத்து இருக்கிறது என்பதை உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை உண்பவர் தன் மனத்தில் எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த இரண்டாவது விஷயம் தெரியாமல் போனதால், ஒரு பெண் தன் வேலையை இழக்க இருந்த ஒரு பிற்பகலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

மின்னணுப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலைக்கு நாம் மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தோம். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். மீதிப்பேர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருந்த இளம் பெண்கள். வாரத்தில் ஒருநாளாவது புதிதாக ஏதாவது வேண்டும் என்று அங்கிருந்த ஊழியர் நலக்குழு கேட்டது. நம் தலைமை அலுவலகம் புதன்கிழமைக்குப் பாஸ்தா என்று முடிவுசெய்து, சத்துக் கணக்கோடு பட்டியலையும் அனுப்பிவைத்தது. அன்று சோற்றுக்குப் பதில் பாஸ்தா. கடைசியில் கொஞ்சம் தயிர்சாதம்.

எங்கள் தலைமைச் சமையற்காரர் கோதண்டம் மாஸ்டர். சேரப்பணஞ்சேரியிலேயே நிலம் வைத்திருந்த குடும்பம். கல்யாணப் பந்திகளுக்குச் சமைத்துப் பழகிய கை. பாஸ்தாவை முதன்முதலில் வேகவைத்த அன்று, வடித்த நீரைக் கீழே கொட்டப் போன உதவியாளரைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினார்.

"கஞ்சிய கீழ ஊத்துறியா? எங்க வூட்ல தெரிஞ்சா சோறு போட மாட்டாங்க!"

அந்த நீரை மசாலாவில் சேர்த்துக் கொதிக்கவிட்டார். குழம்பு பாஸ்தாவோடு நன்றாகப் பற்றிக்கொண்டது. இத்தாலிய வீடுகளிலும் அந்த நீரைக் கொட்டமாட்டார்கள் என்று நான் சொன்னதும், "அப்ப நம்ம ஜனந்தான்" என்று முடித்துவிட்டார். அதன்பிறகு அவருக்கு அந்த ஊரைப் பற்றி ஓர் ஆர்வம் வந்துவிட்டது. வெங்காயம் வதங்கும் நேரத்தில் கேள்வி கேட்பார்.

"இத யாரு மேடம் மொதல்ல கண்டுபுடிச்சது? சீனாக்காரனாமே?"

வெனிஸ் நகரத்து வணிகர் ஒருவர் சீனத்திலிருந்து கொண்டுவந்தார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது வெறும் கதை. அந்த வணிகர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சிசிலித் தீவில் கோதுமை மாவை இழையாக்கி உலர்த்திக் கப்பலேற்றினார்கள் என்று ஓர் அரபு நூலாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். தக்காளி அதனோடு சேர்ந்தது மிகப் பிந்தித்தான். பிற்காலத்தில் நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் அது கூலிக்காரர்களின் சாப்பாடாக இருந்தது. அடுப்படியில் நின்றபடியே வாங்கி, தலையை அண்ணாந்து, கையாலேயே வாயில் இறக்குவார்கள். இதைச் சொன்னபோது மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கையாலயா? ஸ்பூன் இல்லாமயா?"

"கையால்தான்."

"பாத்தீங்களா, இங்க இவனுங்க ஸ்பூன் குடு ஸ்பூன் குடுன்னு உயிர எடுக்கறானுங்க."

ஆலையில் குழாய் வடிவப் பாஸ்தாவுக்குப் 'பைப்' என்றே பெயர் வந்துவிட்டது. "இன்னிக்கு பிளம்பிங் வேலையா மாஸ்டர்?" என்று பரிமாறும் இடத்தில் யாராவது கேட்பார்கள். பாஸ்தாவையும் குழம்பையும் அங்கே வைத்துத்தான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே குழைந்துவிடும் என்பதால், புதன்கிழமைகளில் அவரே வண்டியில் வந்துவிடுவார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருப்பதாகவே நாங்கள் நினைத்தோம். அண்டாவில் கணிசமான பாஸ்தா மிஞ்சித் திரும்பி வந்ததைத் தவிர, குறை என்று சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை.

ஒரு புதன்கிழமை, நான் அந்த ஆலையின் உணவுக்கூடத்தில் இருந்தபோது முதலுதவி அறையின் செவிலியர் என்னைத் தேடி வந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். அதிகம் பேசாதவர். இந்தத் தொழிலில் கேள்வி கேட்பது எப்படி என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன். குற்றச்சாட்டுகூட அவர் வாயில் ஐயமாகத்தான் வரும்.

"மேடம், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. புதன்கிழமை சாப்பாட்டுல மட்டும் என்ன வித்தியாசம்?"

ஏன் என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு மயக்கம் போட்டு என்கிட்ட வருது. ரெண்டு தடவை வந்திருச்சு. ரெண்டும் புதன்கிழமை."

பேச்சியம்மாள் என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். தண்டலத்தில் விடுதி வாசம். பயிற்சிக்காலம் இன்னும் முடியவில்லை. மாலைத் தேநீருக்கு முன்பு, இயந்திரத்துக்கு அருகில் நின்றபடியே விழுந்திருக்கிறாள். முதல் தடவை பக்கத்திலிருந்தவள் பிடித்துக்கொண்டாள்; இரண்டாம் தடவை, போன புதன்கிழமை, நெற்றியில் அடி. ஆலை மருத்துவர் அன்று பிற்பகல் வந்து அவளைப் பார்ப்பதாக இருந்தது. அவர் தகுதியில்லை என்று எழுதினால் அன்றே கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

செவிலியர் போன சற்று நேரத்தில் மனிதவள அதிகாரி வந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இயந்திரத்தின் மேல் அந்தப் பெண் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தில் அவர் சரியாகத் தூங்கியே இருக்கவில்லை.

"மேடம், ஒரு சின்ன லெட்டர் மட்டும் வேணும். பட்டியல்ல இருக்கிற அளவு சாப்பாடு சப்ளை ஆகுதுன்னு. டாக்டர் வர்றதுக்குள்ள குடுத்துடுங்க. பொண்ணுங்க டயட்டுன்னு சாப்பிடாம இருந்துட்டு விழுதுங்க, பழி கேன்டீன் மேல வருது. உங்களுக்கும் நல்லது."

அவர் போனதும் என் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் என்பதை நினைவூட்டினார். "பாத்திரத்துல பாதி மிஞ்சி வருது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? கையெழுத்துப் போட்டுட்டு வாங்க" என்றார்.

நீங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்தக் கடிதத்தில் எழுதச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. பட்டியலில் இருந்த அளவை நாங்கள் குறைவில்லாமல் அனுப்பியிருந்தோம். கையெழுத்துப் போட்டால் நான் பொய் சொன்னவள் ஆகமாட்டேன். உண்மையான ஒரு கடிதத்தை மறுப்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. ஒரு செவிலியரின் ஐயம் மட்டும்தான் இருந்தது. மறுத்தால் எங்கள் ஒப்பந்தம் போகலாம், அதோடு கோதண்டம் மாஸ்டர் உட்பட ஒரு கூடம் நிறைய மனிதர்களின் பிழைப்பும் போகலாம். கொடுத்தால், சாப்பாட்டில் குறையில்லை, உடம்பில்தான் குறை என்றாகி அந்தப் பெண் போவாள். எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கடைசிப் பந்தியின் வரிசையில் போய் நின்றேன். பேச்சியம்மாளின் லைனுக்கு, அதாவது அவள் வேலை செய்த உற்பத்தி வரிசைக்கு, கடைசிப் பந்தி.

ஆலைகளில் நாம் தரும் எவர்சில்வர் தட்டு உங்களுக்குத் தெரியும். சோற்றுக்கு ஒரு பெரிய குழி, கறி, கூட்டு, குழம்புக்குச் சின்னக் குழிகள். பரிமாறிய பெண் ஒரு கரண்டி பாஸ்தாவை எடுத்துச் சின்னக் குழியில் வைத்தார். நான் தட்டை நகர்த்தாமல் நின்றேன்.

"பெரிய குழியில் வைக்கமாட்டீர்களா?"

"அது சோத்துக்குல்ல மேடம்? இது குருமா மாரிதான கீது? எல்லாருக்கும் இங்கதான் வெக்கிறது."

பெரிய குழி காலியாக இருந்த அந்தத் தட்டோடு போய்ப் பேச்சியம்மாளின் எதிரில் உட்கார்ந்தேன். மெலிந்த பெண். நெற்றியில் சின்னக் கட்டு. அவளுக்குப் பக்கத்தில் மாரி என்ற தோழி. அதே ஊர்ப் பக்கம்.

"மேடமும் பைப்புதான் சாப்பிடுதீங்களா?" என்றாள் மாரி. "ரொம்ப நாளைக்குத் தாங்கும் மேடம். துரு பிடிக்காது."

பேச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெரிய குழி ஏன் காலியாக இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன்.

"தயிர்சோத்துக்கு மேடம்."

"எங்கே, வரவில்லையே?"

"புதன்கிழம எங்களுக்கு எங்க வரும்?" என்று மாரி குறுக்கிட்டாள். "முத பேட்ச்காரனுவ வழிச்சிட்டுப் போயிருவானுவ. நாங்க வரும்போ தயிர் வாசன மட்டும் இருக்கும்."

"பாஸ்தா பாத்திரம் நிறைய இருக்கிறதே. இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளலாமே?"

பேச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதைப் போல அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஐய, அது ஸ்பெஷலுல்லா மேடம்? போர்டுல போட்டிருக்காவளே. ஸ்பெஷல போயி ரெண்டாந்தடவ கேட்டா என்ன நினைப்பாவ?"

"கல்யாண வீட்டுல ரெண்டாவது லட்டுக்குக் கை நீட்டுத மாதிரி" என்றாள் மாரி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோற்றை நம் மக்கள் எத்தனை தடவையும் கேட்டு வாங்குவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. விசேஷப் பண்டம் என்றால் ஆளுக்கு ஒன்று. மறுபடி கேட்பது மானக்குறைவு. பாஸ்தாவை நாங்கள் சோற்றின் இடத்தில் கணக்கிட்டு அனுப்பினோம். பரிமாறியவர் தொடுகறியின் இடத்தில் வைத்தார். உண்டவர்கள் அதை லட்டுபோல எண்ணி ஒரு கரண்டியோடு எழுந்தார்கள். ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. ஆனாலும் ஒரு வேளைச் சாப்பாடு நடுவழியில் காணாமல் போயிருந்தது.

"மற்றவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?"

மாரி இருபுறமும் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் நுனியைக் காட்டினாள். "லைன்ல திங்கக்கூடாதுன்னு ரூலு மேடம். வயிறு எங்க ரூலு படிச்சிருக்கு? எல்லாரும் வச்சிருக்கோம். இவதான் மாட்டேன்னுட்டா."

"பிடிச்சாங்கன்னா சீட்டக் கிழிச்சிருவாங்கன்னு பயம்" என்றாள் பேச்சி. "ஊருக்குப் போனா திரும்ப விட மாட்டாவ மேடம். மாப்பிள்ள பாத்து வச்சிருக்காவ. நான் ஒரு வருசம் கேட்டுட்டு வந்திருக்கேன்."

"ஏட்டி, அதான் ரூலுபடி மயங்கி மயங்கி விழுத" என்றாள் மாரி. அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

நான் எழுந்து மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் இன்னா கொறச்சலா ஆக்கினு வந்தேன்? அண்டா பாதி திரும்பிப் போவுது, நான் பாக்கலியா? புள்ளைங்களுக்கு என் கை புடிக்கலன்னு நெனச்சிகினு கீறேன். மசாலா மாத்திப் பாத்தேன், பூண்டு கொறச்சிப் பாத்தேன்..."

மிஞ்சிய பாஸ்தாவை என் மேலாளர் தாராளத்தின் அத்தாட்சியாகப் பார்த்தார். மாஸ்டர் தன் சமையலின் தோல்வியாகப் பார்த்தார். அது பசி என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

மருத்துவர் வந்துவிட்டதாகச் செவிலியர் சொல்லியனுப்பினார். கடிதம் எழுதப்போவதில்லை, என் தட்டையே அங்கே எடுத்துப்போகப் போகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லி, கூட வரமுடியுமா என்று கேட்டேன்.

"நான் வந்தா என்னத்தான் குத்தவாளின்னு நிக்க வெப்பாங்க" என்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இன்னொரு தட்டை எடுத்து அதன் பெரிய குழி நிறையப் பாஸ்தாவை இட்டார். "பட்டியல்ல போட்டிருக்கிறது இவ்ளோதான? ரெண்டயும் பாக்கட்டும். உங்க தட்டயும் குடுங்க, நீங்க எட்துனு போனா கொழம்பு சிந்திடும்."

முதலுதவி அறையில் மருத்துவர், மனிதவள அதிகாரி, செவிலியர், கட்டில் விளிம்பில் பேச்சியம்மாள். மாஸ்டர் இரண்டு தட்டுகளையும் மேசைமேல் வைத்தார்.

"லெட்டர் கேட்டேன் மேடம்" என்றார் அதிகாரி. "இத எந்த ஃபைல்ல வெக்கிறது?"

"ஈ மொய்க்காம மூடி வைக்கலாம் சார்" என்றார் செவிலியர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

பட்டியலின்படி தரவேண்டியது இது, கடைசிப் பந்திக்குக் கிடைப்பது இது என்று இரண்டையும் காட்டிச் சொன்னேன். சமைத்தவர்மீதும் உண்டவர்மீதும் பிழை இல்லை, பரிமாறும் முறையை எங்களில் ஒருவரும் வந்து பார்த்திருக்கவில்லை என்றும் சொன்னேன். வயதான மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தட்டுகளைப் பார்த்தார். பிறகு பேச்சியிடம் திரும்பினார்.

"இவ்ளோதான் சாப்பிட்டியாம்மா?"

"ஆமா சார்."

"அன்னிக்கும் இவ்ளோதானா?"

"ஆமா."

"பசிச்சுதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்நிய இடத்தில் பசிக்கிறது என்று சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள்.

"இல்ல சார்" என்றாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த ஒரு சொல்லில் என் தட்டுகள் இரண்டும் அர்த்தமற்றுப் போயின. உண்மையைச் சொல் என்று அவளை வற்புறுத்த என் நாக்கு நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில் அவளை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை; வற்புறுத்தி வாங்கிய பதிலை மருத்துவரும் நம்பமாட்டார். பேசாமல் இருந்தேன். அதைவிடக் கடினமான வேலையை என் பணிக்காலத்தில் நான் செய்ததில்லை.

மாஸ்டர்தான் பேசினார்.

"எம்மா, நான் ஆக்குனது நல்லா இல்லன்னா சொல்லிடு. நான் கோச்சிக்க மாட்டேன். எம்மேல ஆணையா."

பேச்சி சட்டென்று தலையை நிமிர்த்தினாள். ஒரு சமையற்காரரின் மனம் நோகக்கூடாது என்ற பதற்றத்தில், தன் மானத்தைக் காக்க மறந்துபோனாள்.

"ஐயோ, நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர். ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் கெடச்சா நல்லாயிருக்குமேன்னுதான் இருந்துச்சு."

செவிலியர் போய்ச் சன்னலைத் திறந்தார். மருத்துவர் எழுதத் தொடங்கினார்.

தகுதியில்லை என்று அவர் எழுதவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்; அதுவரை உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொன்னார். சில நாளில் முடிவு வந்தபோது அவளுக்கு இரத்தச்சோகையும் இருப்பது தெரிந்தது. ஆகவே என் தட்டு முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வயிறு நிறைந்திருந்தாலும் அவள் ஒருநாள் விழுந்திருக்கக்கூடும். அந்தத் தட்டு அவளுக்கு வாங்கிக்கொடுத்தது கொஞ்சம் அவகாசம்தான். இரத்தச்சோகைக்குக் கொடுத்த மாத்திரை வேலை செய்ய அந்த அவகாசம் தேவைப்பட்டது.

எங்கள் கூடத்துக்கு ஆலையிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஒப்பந்தம் போகவில்லை, குறுகிய காலத்துக்குத்தான் புதுப்பித்தார்கள். என் மேலாளர் வெகுநாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அத்தனை பேருக்கும் சம்பளம் தரவேண்டிய பொறுப்பு அவருடையது.

அடுத்த புதன்கிழமை மாஸ்டர் ஈரத்துணியால் உணவுக்கூடத்துப் பலகையிலிருந்து 'ஸ்பெஷல்' என்ற சொல்லைத் துடைத்தார். தயிர்சாதத்தில் ஒரு பாத்திரத்தைக் கடைசிப் பந்திக்கென்று மூடி, தன் காலடியில் வைத்துக்கொண்டார். முதல் பந்தி ஆட்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"இன்னா மாஸ்டர், பொண்ணு வூட்டுக்குத் தனிப் பந்தியா?"

"ஆமாடா, நீ சீர் வரிச எட்துனு வா, உனக்கும் வெக்கிறேன். நவுரு."

பிறகு பேச்சியின் லைன் வந்தது. கரண்டியைப் பரிமாறும் பெண்ணிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு தட்டிலும் பெரிய குழியில் அவரே இட்டார். வெட்கப்பட்டுத் தட்டை இழுத்துக்கொண்டவர்களை அதட்டினார்.

"இது சோறும்மா. அந்த ஊர் கூலிக்காரன் தெருவுல நின்னுகினு கையால துன்ன சோறு. குழி ரொம்புற வரிக்கும் தட்ட எடுக்காத."

மாரி ஸ்பூனை மேசையில் வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டாள். பேச்சி ஒரு கணம் தயங்கிவிட்டு, எழுந்து, காலித் தட்டோடு மறுபடி வரிசைக்கு வந்தாள்.

அதன்பிறகு எத்தனையோ ஆலைகளுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். புதிய உணவு எதைச் சேர்த்தாலும் முதல் வாரம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் கணக்கை ஒப்புக்கொள்வேன். நீங்களும் அப்படிச் செய்தால் நல்லது. உங்களிடம் கடிதம் கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருப்பார்கள். எழுதச் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் மருத்துவர் காலமாகிவிட்டார். மனிதவள அதிகாரி வேறு ஊருக்கு மாறிவிட்டார். செவிலியர் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். முழங்கால் வலியால் கோதண்டம் மாஸ்டர் அடுப்படிக்குப் போவதில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த ஆலையில் இன்னும் இருப்பவள் பேச்சியம்மாள் ஒருத்திதான். அதே லைனுக்கு இப்போது அவள் மேற்பார்வையாளர். அவர்களுக்கு இன்றும் கடைசிப் பந்திதான். தன் லைனில் எல்லோரும் தட்டு வாங்கிய பிறகுதான் அவள் வாங்குகிறாள்.